100ஆம் சேனல் எங்கே போனது?

ரவுட்டருடன் வந்த மென்பொருளைக் கழற்றிவிட்டு ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த ஃபர்ம்வேர் ஒன்றை ஏற்றியாயிற்று. விளக்குகள் ஒழுங்காக எரிகின்றன, இணையம் வருகிறது, புதிய அமைப்புப் பக்கமும் திறக்கிறது. வைஃபை பகுதிக்குப் போய்ச் சேனல் பட்டியலை விரிக்கும்போதுதான் குறை தெரிகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டியல் 11ஓடு நின்றுபோகிறது. 12, 13 இல்லை. 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை இருக்கிறது, அதற்கு மேல் பாதி எண்களைக் காணோம், 100ஐத் தேடினால் கிடைப்பதில்லை. சிலருக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவே மொத்தமாக மறைந்திருக்கும்.

ஃபர்ம்வேர் ஏற்றும்போது ஏதோ கெட்டுவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஒரு சேனல் பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் பல இடங்களில் அதற்குச் சம்மதம் கிடைக்க வேண்டும்: நாட்டின் விதி, அந்த விதியைக் கணினிக்குச் சொல்லும் அட்டவணை, சிப்பின் நினைவகத்தில் தொழிற்சாலை எழுதிவைத்த குறியீடு, சிப்பை இயக்கும் ட்ரைவர், பலகையில் பற்றவைத்த வடிகட்டி. இவற்றுள் ஒன்று மறுத்தாலும் அந்த எண் மறைந்துவிடும். மறுத்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் இங்கே பழுது பார்க்கும் வேலை. அதைக் கண்டுபிடிக்காமலே நாட்டின் பெயரை மாற்றிப்போட்டு எண்ணை வரவழைக்கும் குறுக்குவழி ஒன்று பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. விதிக்குக் கட்டுப்படாத கருவிகள் ஒரு விமான நிலையத்தின் வானிலை ரேடாரின் பார்வையையே கெடுத்திருக்கின்றன. அந்தக் கதைக்கு வருமுன் எண்களைக் கொஞ்சம் பழகிக்கொள்வது நல்லது.

சேனல் எண்ணிலிருந்து அதிர்வெண்ணைக் கண்டுபிடிப்பது எளிய கணக்கு. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் எண்ணை 5ஆல் பெருக்கி 2407ஐக் கூட்டினால் அந்தச் சேனலின் மைய அதிர்வெண் மெகாஹெர்ட்ஸில் கிடைக்கும். 1ஆம் சேனல் 2412, 13ஆம் சேனல் 2472. ஜப்பானில் மட்டும், அதுவும் பழைய 802.11பி வகைக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட 14ஆம் சேனல் இந்தக் கணக்கில் அடங்காது. அது 2484இல் தனித்து நிற்கிறது. 5 ஜிகாஹெர்ட்ஸில் எண்ணை 5ஆல் பெருக்கி 5000ஐக் கூட்ட வேண்டும். 36 என்பது 5180, 100 என்பது 5500, 149 என்பது 5745. இடையில் 64க்கும் 100க்கும் நடுவே பெரிய வெற்றிடம் இருப்பதும் இந்தக் கணக்கில் புரிந்துவிடும். 5350 முதல் 5470 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி வைஃபைக்குத் தரப்படவே இல்லை. ஆகவே 68, 72, 76 என்று தேடுவதில் பயனில்லை. எந்த ஃபர்ம்வேரும் அவற்றை ஒளித்துவைக்கவில்லை.

5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டை ஆளில்லாத நிலமாக இருந்து வைஃபைக்குக் கிடைத்ததல்ல. ராணுவ ரேடார்களும் வானிலை ரேடார்களும் செயற்கைக்கோள்களும் முன்பே அங்கே இருந்தன. 2003இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு 5150 முதல் 5350 வரையிலும் 5470 முதல் 5725 வரையிலும் கம்பியில்லா வலையமைப்புகளுக்கு இடம் கொடுத்தபோது, ஏற்கெனவே அங்கிருப்பவர்களுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. அந்த நிபந்தனையைக் கருவிக்குள் நடைமுறைப்படுத்தும் ஏற்பாட்டுக்கு டி.எஃப்.எஸ். என்று பெயர். ரவுட்டர் தானாகவே ரேடாரைக் கண்டறிந்து ஒதுங்கிப்போகும் முறை அது. சேனல் 52 முதல் 144 வரை பெரும்பாலான நாடுகளில் இந்த முறைக்கு உட்பட்டவை. பட்டியலில் காணாமல் போகிறவையும் பெரும்பாலும் இவைதான்.

2009இல் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோத் தீவில், சான் வான் விமான நிலையத்துக்கான வானிலை ரேடார் திரையில் விசித்திரமான கோடுகள் தோன்றின. ரேடார் எந்தத் திசை நோக்கித் திரும்பும்போது குறுக்கீடு வருகிறதோ அந்தத் திசையில் நடுவிலிருந்து விளிம்புவரை நீளும் கோடுகள். அந்த வகை ரேடாருக்கு ஒரு துயரமான முன்கதை உண்டு. 1985 ஆகஸ்ட் 2 அன்று டல்லாஸ்–ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் தரையிறங்க வந்த டெல்டா 191 விமானம், இடிமேகத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து இறங்கும் காற்றில் சிக்கி நொறுங்கியது. 130க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய திடீர்க் கீழ்க்காற்றை விமானிகளுக்கு முன்கூட்டியே சொல்வதற்காகவே, 1990களில் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களுக்கு அருகே தனி டாப்ளர் ரேடார்கள் நிறுவப்பட்டன. அவை வேலை செய்யும் இடம் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ். நம் கணக்கில் சேனல் 120, 124, 128.

விசாரித்தபோது குறுக்கீட்டின் மூலம் தெரிந்தது. இணையச் சேவை தருவோர் உயரமான இடங்களில் பொருத்தியிருந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகளே காரணம். சிலவற்றில் ரேடாரைக் கண்டறியும் முறை அணைக்கப்பட்டிருந்தது. சிலவற்றில் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. பல நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது. 120, 124, 128 ஆகிய மூன்று சேனல்களும் அமெரிக்காவில் விற்கப்படும் புதிய கருவிகளிலிருந்து சில ஆண்டுகள் விலக்கியே வைக்கப்பட்டன. அந்தக் காலத்துக் கருவி ஒன்றில் இந்த மூன்று மட்டும் இல்லாமல் இருந்தால் காரணம் இதுதான்.

இந்த நிகழ்ச்சி திறந்த ஃபர்ம்வேரின் வரலாற்றையும் திருப்பியது. அந்த வரலாறு 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலமும் கறுப்புமான ரவுட்டரிலிருந்து தொடங்குகிறது. அதனுள் ஓடுவது லினக்ஸ் என்பதை அடுத்த ஆண்டு வெளியார் கண்டறிந்தார்கள். உரிமத்தின்படி மூலநிரலை வெளியிட வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அந்த நிரலிலிருந்து 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது, அடுத்த ஆண்டே டிடி-டபிள்யூஆர்டி வந்தது. முதல் பெயரிலும் இரண்டாவதிலும் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் மூன்று எழுத்துகள் அந்த ரவுட்டரின் நினைவு. தயாரித்தவர் கைவிட்ட கருவிக்குப் பத்தாண்டு கழித்தும் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைப்பது இவர்களால்தான். இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு செய்தியும் ரவுட்டர் வழியாகத்தான் வருகிறது. அதன் மென்பொருள் செத்துப்போனால் கருவி நல்ல நிலையில் இருந்தும் குப்பைக்குத்தான் போகும்.

2014இல் எஃப்.சி.சி. 5 ஜிகாஹெர்ட்ஸ் விதிகளைத் திருத்தியது. 5150–5250 பகுதியில் கூடுதல் திறனை அனுமதித்து, விலக்கிவைத்த ரேடார்ப் பகுதியையும் திறந்துவிட்டது. கூடவே, ரேடியோவின் மென்பொருளை யாரும் மாற்ற முடியாதபடி தயாரிப்பாளர்கள் காக்க வேண்டும் என்றது. 2015 மார்ச்சில் வந்த வழிகாட்டுக் குறிப்பு, டிடி-டபிள்யூஆர்டி போன்ற வெளியார் ஃபர்ம்வேர் ஏற்றப்படுவதை எப்படித் தடுக்கிறீர்கள் என்று பெயர் சொல்லியே கேட்டது. திறந்த ஃபர்ம்வேர் அத்தோடு முடிந்தது என்று பலர் அஞ்சினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவரான வின்ட் செர்ஃபும் வலைப்பொறியாளர் டேவ் டாட்டும் முன்னின்று, 260 வல்லுநர்கள் கையொப்பமிட்ட கடிதத்தை ஆணையத்துக்கு அனுப்பினார்கள். மூடிய ஃபர்ம்வேரைவிட, எல்லோரும் படித்துப் பார்க்கக்கூடிய நிரல்தான் பாதுகாப்பானது என்பது அவர்கள் வாதம். நவம்பரில் ஆணையம் தன் நிலையைத் தெளிவுபடுத்தியது. திறந்த ஃபர்ம்வேரைத் தடைசெய்வது நோக்கமல்ல, அலைவரிசையும் திறனும் விதிக்குள் இருக்க வேண்டும் என்பதே நோக்கம் என்றது. 2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனத்துடன் அது செய்துகொண்ட உடன்பாட்டிலும் இதே இரண்டு பக்கங்களைக் காணலாம். பயனர் நாட்டின் பெயரை மாற்றினால் அனுமதிக்கு மேற்பட்ட திறனில் இயங்கிய ரவுட்டர்களுக்காக அந்த நிறுவனம் 2 லட்சம் டாலர் கட்டியது. அதே உடன்பாட்டில், திறந்த ஃபர்ம்வேர் ஏற்ற வழி செய்ய முயல்வதாகவும் ஒப்புக்கொண்டது.

ரேடியோ விதியை மதிக்கிறோம் என்று காட்டித்தான் திறந்த ஃபர்ம்வேர் அன்று தப்பித்தது. ஆகவே சேனல் வேண்டும் என்பதற்காக நாட்டின் பெயரை மாற்றிப்போடுகிறவர் ரேடாருக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. தாம் நேசிக்கும் மென்பொருளுக்கு எதிராகவும் சாட்சி சொல்கிறார். சேனலை நேர்வழியிலேயே மீட்க முடிகிறபோது இதற்குத் தேவையும் இல்லை.

நேர்வழி லினக்ஸ் கர்னல் பின்பற்றும் ஓர் அட்டவணையில் தொடங்குகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு எழுத்துக் குறி, அதன் கீழே எந்த அதிர்வெண்ணிலிருந்து எதுவரை, எவ்வளவு அகலம், எவ்வளவு திறன், ரேடாருக்கு ஒதுங்க வேண்டுமா என்ற விவரம். கர்னலின் 4.15ஆம் பதிப்பிலிருந்து இந்த அட்டவணையைக் கர்னல் நேரடியாகவே படித்துக்கொள்கிறது. அட்டவணைக்கு எண்ம முத்திரை உண்டு. இடையில் யாரும் திருத்தவில்லை என்பதைச் சரிபார்க்க அது உதவும். எந்த நாடு என்றே சொல்லாவிட்டால் கர்னல் ‘00’ என்ற உலகப் பொதுக் குறியை எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டிலும் தப்பு நேராதபடி எழுதப்பட்ட கஞ்சத்தனமான குறி அது. அதில் 2.4இல் 1 முதல் 11 வரை மட்டுமே தாராளமாகப் பயன்படுத்தலாம். 12, 13இலும் 5 ஜிகாஹெர்ட்ஸ் முழுவதிலும் தானாக முதலில் பேசக்கூடாது, பிறர் பேசுவதைக் கேட்ட பிறகே பேசலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. ரவுட்டரின் வேலையே முதலில் பேசுவது. ஆகவே 5 ஜிகாஹெர்ட்ஸில் அது வாயே திறக்காது.

புதிதாக ஃபர்ம்வேர் ஏற்றியவர்களில் பெரும்பாலோர் படும் பாடு இதனால்தான். பழைய மென்பொருளில் நாடு தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டிருந்தது. புதியதில் அதை நாம்தான் சொல்ல வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டியின் வைஃபை அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குள் நாட்டுக் குறி கேட்கும் இடம் இருக்கிறது. இந்தியாவில் இருந்தால் இந்தியா, இலங்கையில் இருந்தால் இலங்கை, சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர் என்று உண்மையைக் கொடுத்துச் சேமியுங்கள். ஒரே ரவுட்டரில் இரண்டு மூன்று ரேடியோக்கள் இருந்தால் எல்லாவற்றிலும் ஒரே குறியைக் கொடுங்கள். ஒன்றில் இந்தியா, மற்றொன்றில் வெற்றிடம் என்று விட்டால் குழப்பம்தான் மிஞ்சும். பாதிப் பேருக்கு மேல் பிரச்சினை இந்த இடத்தோடு தீர்ந்துபோகும் என்பது என் எண்ணம்.

தீராதவர்கள் ரவுட்டரின் டெர்மினலுக்குள் போய் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ‘ஐ.டபிள்யூ. ரெக் கெட்’ என்ற கட்டளை எந்த நாட்டின் விதி இப்போது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். ‘ஐ.டபிள்யூ. லிஸ்ட்’ என்பது ஒவ்வொரு அதிர்வெண்ணையும் அதன் நிலையையும் வரிசையாகத் தரும். சில வரிகளின் முடிவில் ‘டிசேபிள்ட்’ என்றிருக்கும். அந்தச் சேனலை விதியோ சிப்போ முழுதாகவே மறுத்துவிட்டது. ‘நோ ஐ.ஆர்.’ என்றிருந்தால் கேட்கலாம், முதலில் பேச முடியாது. ‘ரேடார் டிடெக்ஷன்’ மட்டும் இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் டி.எஃப்.எஸ். முறைக்குக் கட்டுப்பட வேண்டும். வரியே இல்லாவிட்டால் அந்த அதிர்வெண்ணை ட்ரைவர் கர்னலிடம் சொல்லவே இல்லை. பட்டியலில் எண் இல்லை என்ற ஒரே குறைக்குப் பின்னால் நான்கு வேறு நோய்கள் இப்படிப் பிரிந்து நிற்கும்.

நாட்டுக் குறியைச் சரியாகக் கொடுத்தும் முதல் கட்டளையில் ‘98’ என்ற விசித்திரமான எண் வந்தால், கர்னல் இரண்டு விதிகளைச் சேர்த்துப் பார்த்து இரண்டுக்கும் பொதுவானதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்று பொருள். ஒன்று நீங்கள் சொன்ன நாடு. மற்றது சிப்பின் நிரந்தர நினைவகத்தில் தொழிற்சாலை எழுதிய நாடு. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த ரவுட்டரில் இது சகஜம். அந்த நாட்டில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சேனல்கள் 11ஓடு முடிந்துவிடுகின்றன. இந்தியாவில் 13 வரை உண்டு. பொதுவானவை 11தான். இங்கே குற்றவாளி ஃபர்ம்வேர் அல்ல. அந்தக் கருவி அமெரிக்கச் சந்தைக்காகச் சான்றளிக்கப்பட்டது. இப்படிப்பட்ட ரவுட்டரில் 12, 13 இல்லாமல் வாழப் பழகுவதே மேல். 2.4இல் ஒன்றோடொன்று மோதாதபடி 1, 6, 11 என்று பிரித்துக்கொள்வதுதான் பொதுவான பழக்கம். அவை மூன்றும் அமெரிக்கக் கருவியிலேயே இருக்கின்றன.

இந்தியப் பயனருக்கு 100ஆம் சேனல் இல்லாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டத்தின் தேதி. 2005 ஜனவரியில் வந்த இந்திய அரசின் அறிவிக்கைகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கும், 5150–5350, 5725–5875 பகுதிகளில் கட்டடத்துக்குள் குறைந்த திறனில் பயன்படுத்துவதற்கும் உரிமம் தேவையில்லை என்றன. சேனல் கணக்கில் 36 முதல் 64 வரையிலும், 149க்கு மேலும். நடுவே 100 முதல் 144 வரை அன்று கிடையாது. 2018 அக்டோபர் 22ஆம் தேதியிட்ட விதிகள்தான் 5470–5725 பகுதியையும் சேர்த்து, 5 ஜிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டன. ஆனால் அரசிதழில் விதி மாறிய அன்றே உலகெங்கும் உள்ள ரவுட்டர்களுக்குள் அட்டவணை மாறிவிடாது. பழைய அட்டவணையைச் சுமந்த ஃபர்ம்வேரில் இந்தியா என்று நேர்மையாகத் தேர்ந்தெடுத்தவருக்கு 100 முதல் 144 வரை மறைந்திருக்கும். பக்கத்து வீட்டில் பொய்யாக அமெரிக்கா என்று தேர்ந்தெடுத்தவருக்கு அவை தெரியும். குறுக்குவழி பரவியதற்கு இந்த அநியாயமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இதற்குத் தீர்வு ஃபர்ம்வேரின் புதிய நிலையான பதிப்பை ஏற்றுவதுதான், அட்டவணை அதனோடு சேர்ந்து வரும்.

தமிழ்நாட்டில் ரேடாரின் பெயரால் ஓர் அச்சமும் உலவுகிறது: சென்னையில் வானிலை ரேடார் இருப்பதால் 5 ஜிகாஹெர்ட்ஸில் சிக்கல் வருகிறது என்று. சென்னைத் துறைமுகக் கட்டடத்தின் மேலிருந்து வங்கக் கடல் புயல்களைப் பார்க்கும் டாப்ளர் ரேடார் எஸ்-பட்டையைச் சேர்ந்தது. அதன் அலைநீளம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். காரைக்காலில் இருப்பதும் அதே வகை. அவை வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இல்லை. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவில் இருக்கும் ரேடார்தான் சி-பட்டை, அலைநீளம் 5 சென்டிமீட்டர் அளவு. வைஃபையோடு அக்கம்பக்கத்தில் வாழ்வது அந்த வகை. வானிலை ரேடாரைத் தவிர ராணுவம், கப்பல் என்று வேறு ரேடார்களும் இந்தப் பட்டையில் உண்டு. ஆகவே ரவுட்டர் ரேடாரைக் கேட்டதாகச் சொன்னால் அதைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது.

ரேடார் சேனலைத் தேர்ந்தெடுத்ததும் ரவுட்டர் உடனே பேசத் தொடங்காது. 60 வினாடி மௌனமாகக் கேட்கும். ஐரோப்பிய விதிகளின்படி 5600–5650 பகுதியைத் தொடும் சேனல்களுக்கு இது 10 நிமிடம். ஒரு நுண்வினாடி அளவே நீடித்து, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் துடிப்புகள் கேட்கின்றனவா என்று சிப் பார்க்கும். கேட்கவில்லை என்றால்தான் வைஃபை பெயர் போனில் தோன்றும். இந்த இடைவெளியில் பதறிப்போய், சேனல் வேலை செய்யவில்லை என்று 36க்கே திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும்போது ரேடார் கேட்டால் ரவுட்டர் 10 வினாடிக்குள் அந்தச் சேனலை விட்டு வெளியேறி, 30 நிமிடத்துக்கு அங்கே திரும்பாது. அந்த அரை மணி நேரம் சேனல் காணாமல் போனது போலவே இருக்கும். பதிவேட்டைப் பார்த்தால் ரேடார் கண்டறியப்பட்டதாக ஒரு வரி கிடக்கும். துடிப்புப் போன்ற வேறு இரைச்சலை ரேடார் என்று சிப் தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. அடிக்கடி அப்படி நடந்தால் அந்தச் சேனலை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போவதுதான் வழி. சில சிப்களுக்கான திறந்த ட்ரைவர்களில் ரேடாரைக் கண்டறியும் பகுதியே எழுதப்பட்டிருக்காது. அப்போது சட்டமும் அட்டவணையும் சம்மதித்தாலும் ட்ரைவர் மறுத்துவிடும். அது சரியான மறுப்பு. காது கேளாத ரேடியோவை ரேடார்ப் பட்டையில் பேசவிடக்கூடாது.

5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ முழுவதுமே மறைந்திருந்தால் மட்டும் ஃபர்ம்வேர் ஏற்றியதில் உண்மையாகவே தவறு நடந்திருக்க வாய்ப்புண்டு. ரவுட்டரின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஃபர்ம்வேருக்கான இடத்தைத் தவிர ஒரு சிறிய தனிப் பகுதி உண்டு. சிப்பின் குடும்பத்தைப் பொறுத்து அதை ‘ஆர்ட்’ என்றோ ‘ஃபேக்டரி’ என்றோ அழைக்கிறார்கள். கருவியின் நிரந்தர முகவரியும், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு திறன் கொடுத்தால் எவ்வளவு வெளிப்படும் என்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவீடுகளும் அங்கேதான் இருக்கின்றன. வேறு மாடலுக்கான ஃபர்ம்வேரை ஏற்றி அந்தப் பகுதி அழிந்துபோனால் ட்ரைவர் ரேடியோவை எழுப்பவே மறுக்கலாம். அல்லது எழுப்பிவிட்டு, கையளவு தூரத்துக்கு மேல் சமிக்ஞை எட்டாமல் செய்யலாம். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடமிருந்து அந்தப் பகுதியை நகலெடுத்துப் போடுவது தீர்வு போலத் தெரியும். ஆனால் ஒருவர் கண்ணுக்கு அளந்த மூக்குக்கண்ணாடி இன்னொருவருக்குப் பொருந்தாதது போல, அந்த அளவீடுகள் அந்த ஒரு பலகைக்கு மட்டுமே உரியவை. ஃபர்ம்வேர் ஏற்றுமுன் இந்தப் பகுதியைத் தனியே நகலெடுத்துக் கணினியில் வைத்துக்கொள்வதைவிட முக்கியமான முன்னேற்பாடு வேறு இல்லை.

மூன்று ரேடியோ கொண்ட ரவுட்டர்களில் வேறொரு புதிர் வரும். ஒரு 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் 36 முதல் 64 வரை மட்டும், மற்றொன்றில் 100க்கு மேல் மட்டும். இரண்டிலும் பாதி காணாமல் போனது போலத் தோன்றும். ஒரே பெட்டிக்குள் இரண்டு ரேடியோக்கள் ஒரே பட்டையில் பேசினால் ஒன்றின் குரல் மற்றதன் காதை அடைத்துவிடும் என்பதால், பலகையிலேயே வடிகட்டி வைத்துக் கீழ்ப் பாதி ஒன்றுக்கு, மேல் பாதி மற்றதற்கு என்று பிரித்திருக்கிறார்கள். சிப்புக்கு எல்லாச் சேனலும் பேசத் தெரியும். ஆனால் வடிகட்டி விடாது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் இந்த எல்லையைப் பலகை விவரக் கோப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். அதை நீக்கினால் பட்டியலில் எண் வரும், சமிக்ஞை வராது.

சேனல் அகலத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டுமென்றால் நான்கு சேனல்கள் ஒன்றாகச் சேர வேண்டும்: 36–48, 52–64, 100–112, 116–128, 132–144, 149–161. 165 இந்தக் கூட்டங்களுக்கு வெளியே இருப்பதால் 80ஐத் தேர்ந்தெடுத்த உடனே பல ஃபர்ம்வேர்களில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். 20க்குக் குறைத்தால் திரும்பி வரும். ரவுட்டரில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு போனில் மட்டும் வைஃபை பெயர் தெரியாவிட்டால், மறுப்பு போனிலிருந்து வருகிறது. அமெரிக்கச் சந்தைக்கான போன்கள் சில 12, 13இல் கண்ணைத் திறப்பதே இல்லை. மலிவான தொலைக்காட்சிகளும் கேமராக்களும் சில ரேடார்ச் சேனல்களை அறியாமலே பிறந்தவை. வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் 36 முதல் 48 வரையிலோ 149க்கு மேலோ வைத்துக்கொள்வது நிம்மதி.

எல்லாம் பார்த்தும், சட்டம் அனுமதித்த சேனல் ஒன்று அட்டவணையிலேயே இல்லை என்று உறுதியானால், அதை நாமே திருத்த முடியும். நாடுகளின் விதி அட்டவணை யாரும் படிக்கக்கூடிய சாதாரண உரைக் கோப்பு. ஒரு நாட்டுக்கு ஐந்தாறு வரிகள்தான். திருத்தம் அனுப்புவோரிடம் அதைப் பராமரிப்பவர்கள் கேட்பது அரசு ஆவணம் எங்கே என்பதைத்தான். இந்தியாவுக்கென்றால் அரசிதழ் அறிவிக்கையின் எண்ணும் தேதியும், தொலைத்தொடர்புத் துறைத் தளத்தில் அது இருக்கும் இடமும் போதும். 2025 மே மாதம் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான கீழ் 6 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றித் திறப்பதற்கான வரைவு விதிகளைத் துறை வெளியிட்டது. இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் அரசிதழின் சட்ட மொழியிலிருந்து அட்டவணையின் ஒரு வரிக்கு வந்துசேர இரண்டையும் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவை. வரியின் வடிவம் எளிது: தொடங்கும் அதிர்வெண், முடியும் அதிர்வெண், அதிகபட்ச அகலம், அதிகபட்சத் திறன், கட்டுப்பாடு இருந்தால் அது. அதை எழுதி, மேலே ஆவணத்தின் முகவரியைக் குறித்து, லினக்ஸ் வயர்லெஸ் மடல்குழுவுக்கு அனுப்ப வேண்டும்.